தானாத் தெரிஞ்சுக்கும்

1999, தை மாதம். ஆசிரியர் அறை வாசலில் ஒரு அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு நின்றார். பக்கத்தில் அவர் மகள், என் எட்டாம் வகுப்பு மாணவி. தட்டிலிருந்த பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தவள் அந்த மகள்தான்.

கன்னத்து மச்சத்தை ஆட்காட்டி விரலால் தொட்டால் அது அவள் பெயர். காது கேளாத பிள்ளைகள் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் பெயர்கள் அப்படித்தான். ஒருவன் புருவத் தழும்பு, ஒருத்தி சுருட்டை முடி. பதிவேட்டில் இருக்கும் பெயர் எங்களுக்கும் ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கும் மட்டும். இங்கே அவளை மச்சம் என்றே எழுதுகிறேன்.

பத்திரிகை அசல் சிவகாசிச் சரக்கு. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்றுவந்து 1923இல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று அச்சகம் வந்தது. லேபிள் அடித்த ஊர் காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று அடித்துத் தள்ள ஆரம்பித்தது. வழவழத் தாள், ரோஸ் நிறக் கரை, நடுவில் பட்டுப் பாவாடையில் மச்சத்தின் போட்டோ. மேலே பொன் எழுத்தில் ‘பூப்புனித நீராட்டு விழா’.

அந்த வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். சொல் சொல்லாக நான் தமிழ் கற்றுக்கொடுத்த பிள்ளை. பூ தெரியும். புனிதம் என்றால் கோயில் என்று தெரியும். நீர் தெரியும். விழா தெரியும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையால் கேட்டாள்: “பூவுக்குத் தண்ணி ஊத்துற திருவிழாவா? அதுக்கு ஏன் என் போட்டோ?”

நான் சிரித்துவிட்டேன். அவள் அம்மாவும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

அரையாண்டு விடுமுறையில் வீட்டில் இருந்தபோது நடந்திருக்கிறது. மார்கழி என்பதால் சடங்கைத் தைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஓலைக் குச்சு கட்டி அதில் உட்காரவைத்து, தனித் தட்டு, தனிப் பாய். தனக்கு வயிற்றுக்குள் ஏதோ அறுந்துவிட்டது, தொற்றும் என்று பயந்து ஒதுக்கிவைத்திருக்கிறார்கள், சாகப்போகிறோம் என்றே மச்சம் நம்பியிருந்தாள். “பெரிய மனுஷி ஆயிட்டே” என்று அம்மா வாயசைத்ததில் ‘பெரிய’ என்ற சொல்லை மட்டும் உதட்டில் பிடித்திருக்கிறாள். யாரும் பார்க்காத நேரத்தில் எழுந்துபோய், கதவு நிலையில் அண்ணன் உயரம் குறித்துவைத்திருந்த கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாளாம். வளர்ந்திருக்கவில்லை. இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து.

அன்றைக்கு நான் அவளுக்குச் சொன்ன பதில்: “எல்லாப் பொம்பளப் பிள்ளைகளுக்கும் வரும். அம்மா சொல்வாங்க.” அந்த அம்மாவுக்குச் சைகை தெரியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறப்பவர்கள் என்று பயிற்சியிலேயே படித்திருக்கிறேன். படித்தது ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம்.

சடங்கு வீட்டுக்குப் போயிருந்தேன். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, தாய்மாமன் சீர், யார் எவ்வளவு மொய் என்று ஊரெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடையில், மாலைக்குள், எதுவும் கேட்காமல் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தேன். எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது.

நான் கற்றது எங்கள் தெருத் திண்ணையில். அம்மாவும் மதினிமார்களும் மத்தியான வேளையில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். குரோஸ் கணக்கில் கூலி. கை பாட்டுக்குப் பசை தடவும், வாய் பாட்டுக்குப் பேசும். ‘அவ வீட்டுக்குத் தூரம்.’ ‘இவளுக்கு நாள் தள்ளிப் போச்சு.’ ‘கீழவீட்டு மருமக முழுகாம இருக்கா.’ நான் பக்கத்தில் போனால், “ஏ புள்ள, அங்கிட்டுப் போ” என்பார்கள். போவேன். காது எட்டுகிற தூரத்துக்கு மட்டும் போவேன். குளிக்காமல் இருப்பதற்கும் வயிறு பெரிதாவதற்கும் என்ன சம்பந்தம் என்று எட்டு வயதில் குழம்பியதும், பத்து வயதில் தெளிந்ததும் அந்தத் திண்ணையில்தான். பள்ளிக்கூடத்தில் அக்காமார்கள், குழாயடி, சினிமா விட்டு வருகிற கூட்டம் என்று மிச்சத்தை நிரப்பினார்கள். பன்னிரண்டு வயதில் எல்லாம் தெரியும். எல்லாம் சரியாகத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். சாகப்போகிறேன் என்று நினைக்காத அளவுக்குத் தெரிந்திருந்தது.

தமிழில் இந்த விஷயத்துக்கு நேர்ச்சொல் குறைவு, சுற்றுச்சொல் அதிகம். கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்குச் சுற்றுச்சொல்லே போதும். எங்கள் பிள்ளைகளுக்கோ சொல் என்றால் அகராதிப் பொருள். ‘தூரம்’ என்றால் கிலோமீட்டர். ‘முழுகாமல்’ என்றால் குளிக்காமல்.

பள்ளியில் யாரிடம் இதைப் பேசினாலும் ஒரே பதில் வரும்: “வயசு வந்தா தானாத் தெரிஞ்சுக்கும்.” நானும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். ஒட்டுக்கேட்டுக் கற்றதைத்தான் ‘தானா’ என்று சொல்கிறோம் என்பது அன்று பஸ்ஸில் லேசாகப் புரிந்தது. முழுதாகப் புரிய இன்னும் ஒன்பது வருடம் ஆனது.

எங்களுக்குப் பயிற்சியே பேச்சு முறையில்தான். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள், காது கேளாதவர்களுக்கு வாய்ப்பேச்சுத்தான் உயர்ந்தது, கைமொழி வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். அதே மாநாடு 2010இல் வான்கூவரில் கூடித்தான் அந்தத் தீர்மானங்களைக் கைவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த 1994இல் மிலான் இன்னும் எங்கள் வகுப்பறைக்குள் இருந்தது. கண்ணாடி முன்னால் நிற்கவைத்து உதட்டைக் காட்டுவோம். பிள்ளையின் கையை எடுத்து எங்கள் தொண்டையில் வைத்து அதிர்வை உணரச் செய்வோம். கை உயர்ந்தால், “கையை இறக்கு, வாயால் சொல்லு.” ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லியிருப்பேன்.

விளக்கு அணைகிற வரைக்கும் விடுதியில் கைகள் பேசிக்கொண்டுதான் இருந்தன. கீழுதட்டைத் தொட்டு, அப்புறம் வயிற்றைத் தொட்டால் மாதவிடாய். அந்தச் சைகையை எந்த ஆசிரியரும் கற்றுக்கொடுக்கவில்லை. பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அதோடு தவறான செய்தியும் சேர்ந்தே இறங்கும். முத்தம் கொடுத்தால் குழந்தை பிறக்கும் என்று ஒரு தலைமுறையே நம்பியிருந்தது, சினிமாவில் முத்தத்துக்கு அடுத்த காட்சி தொட்டில் என்பதால்.

பாடப் புத்தகத்தில் இனப்பெருக்கம் வரும். வகுப்பில் தொங்கிய மனித உடல் படத்தில் இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை, ஒரு வளைந்த கோடு மட்டும். கருப்பை, அண்டம், 28 நாள் சுழற்சி என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஐந்துக்கு ஐந்து வாங்குவார்கள். அப்படி முழு மதிப்பெண் வாங்கிய ஒருத்தி, தேர்வு முடிந்த அன்றே வயிற்று வலியோடு வந்து, தனக்கு மாதாமாதம் வருகிற நோய்க்கு மாத்திரை கேட்டாள். விடைத்தாளில் எழுதிய சுழற்சியும் தன் வலியும் ஒன்று என்று அவளுக்கு யாரும் சேர்த்துக் காட்டவில்லை. யாரும் என்றால் நான்.

பையன்கள் கதை வேறு. ஒருநாள் ஆண்கள் விடுதிக் காப்பாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். பதினோராம் வகுப்புப் பையன் எழுதியது: ‘எனக்கு நரம்புத் தளர்ச்சி. ஆயிரத்து ஐநூறு ரூபாய் கொடுத்தேன். இன்னும் இரண்டாயிரம் கேட்கிறார்.’ தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், விடுமுறை நாட்களில் பட்டாசுக் கடையில் பெட்டி சுமந்து சேர்த்த காசு. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருக்குமே, இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகிறார், இளமையில் செய்த தவறுகளுக்குச் சிகிச்சை என்று. தூக்கத்தில் வயதுப் பையன்கள் எல்லாருக்கும் நிகழ்வது அவனுக்கும் நிகழ்ந்திருக்கிறது. சுவரைப் படித்துவிட்டுப் போயிருக்கிறான். மற்ற பையன்களும் அந்தச் சுவரைப் படிக்கிறவர்கள்தான். அவர்களைக் கூட்டாளிகள் கேலி செய்தே காப்பாற்றிவிடுவார்கள். இவனுக்கு நாங்கள் கொடுத்த தமிழ் எழுத்தைக் கொண்டு இந்த விஷயத்தில் படிக்கக் கிடைத்த ஒரே பாடம் அந்தச் சுவர்தான். காப்பாளர் அவனை உட்காரவைத்துப் பேசினார். “எனக்கும் வந்துச்சுடா” என்று அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதும் பையன் அழுதானாம்.

2008இல் நடந்ததை எழுதுவதற்கு மூன்று தடவை பேனாவை எடுத்து வைத்துவிட்டேன்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை. அம்மா பட்டாசு ஆபீஸில் சரம் பின்னப் போகிறவர். விடிவதற்குள் வேன் வந்துவிடும், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். வீட்டுக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை விடுதிக்கு வரும்போதெல்லாம் பிள்ளை சோர்ந்திருப்பாள். என்னவென்று கேட்டேன். நான் பழக்கிய பிள்ளை, வாயால்தான் சொன்னாள்: “பாப்பா... அடி.” வீட்டில் இரண்டு வயதுத் தங்கை இருப்பது எனக்குத் தெரியும். “பாப்பா சின்னப் பிள்ளை. நீ பெரியவ. நீதான் பொறுத்துக்கணும்” என்றேன். அடுத்த வாரமும் சொன்னாள். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். நடுவில் அவள் கை மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே போகும். நான் அதை இறக்கிவிடுவேன். கையை இறக்கு, வாயால் சொல்லு.

தமிழில் ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒன்றுதான். கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் அப்பா, அம்மா என்று சொல்லிப் பாருங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடித் திறக்கும். வித்தியாசம் மூக்கில் இருக்கிறது. காது கேளாத பிள்ளையின் குரலில் அந்த மூக்கொலி சரியாக வந்து சேராது. இதைப் பயிற்சியில் படித்து, தேர்வும் எழுதியவள் நான்.

நான்காவது வாரம், விடுதியில் ஒரு பெரிய பிள்ளை என்னை இழுத்துக்கொண்டு போனாள். சின்னவள் மறுபடி கையை உயர்த்தினாள். மூக்குக்குக் கீழே இரண்டு விரல், வெளிப்பக்கமாக முறுக்கு. மீசை. பாப்பா இல்லை, மாமா.

அந்த மனிதர் அதற்குப்பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போலீஸ் வரைக்கும் யாரும் போகவில்லை. வீட்டில் வேண்டாமென்றார்கள், பள்ளியிலும் பெயர் கெடும் என்றார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அதில் குற்றம். அதன் 26ஆம் பிரிவு, பிள்ளைக்கு உடல் குறையோ மனவளர்ச்சிக் குறையோ இருந்தால், சிறப்பாசிரியர் அல்லது அந்தப் பிள்ளை பேசுகிற விதம் அறிந்த ஒருவரின் உதவியோடு வாக்குமூலம் வாங்கலாம் என்கிறது. அதைப் படித்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை. பிள்ளை பேசுகிற விதம் அறிந்தவள் என்று நாளைக்கு என்னைக் கூப்பிட்டால், எந்த முகத்தோடு போவேன்?

2018 ஜூலையில் சென்னைச் செய்தி வந்தது. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமியைப் பல மாதங்கள் வதைத்ததாக 17 பேர் கைது. 2020 பிப்ரவரியில் அவர்களில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. செய்தி வந்த வாரம் எங்கள் பள்ளிக்குப் பெற்றோர்கள் கூட்டமாக வந்தார்கள். வருடக்கணக்கில் நான் கேட்டு மறுக்கப்பட்ட பாலியல் கல்வி வகுப்புக்கு, அந்தப் பயத்தில் அனுமதி கிடைத்தது.

‘நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்’ என்று அச்சடித்த படங்களோடு வகுப்பை ஆரம்பித்தேன். யாராவது உன்னைத் தொட்டால் விலகிப் போ, என்று சைகையில் சொன்னதும் ஏழாம் வகுப்புப் பையன் கை தூக்கினான். “தொடாம எப்படிக் கூப்பிடுவாங்க?” வகுப்பே தலையாட்டியது. காது கேளாதவர்கள் உலகில் தோளைத் தட்டுவதுதான் பெயர் சொல்லி அழைப்பது. அடுத்து ஒருத்தி கேட்டாள்: “நீங்க சின்ன வயசுல என் கையை எடுத்து உங்க தொண்டையில வச்சீங்க. என் கழுத்தைத் தொட்டீங்க. அது கெட்டதா?”

காது கேட்கிற பிள்ளைகளுக்காக வரைந்த படங்களை மூடி வைத்தேன். இந்த வகுப்பை நடத்த வேண்டியவள் நான் இல்லை என்று தோன்றியது. மச்சத்துக்கு ஆள் அனுப்பினேன்.

அவள் அப்போது ஓர் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கணவருக்கும் காது கேட்காது, அதே அச்சகத்தில் தாள் வெட்டும் மெஷினில் வேலை. மகளுக்குக் காது கேட்கும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு வந்தாள். பெரிய பெண் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்தாள். தில்லியில் இந்திய சைகை மொழி மையம் 2018இல் வெளியிட்ட அகராதியிலிருந்து சில சைகைகளைப் பார்த்து வைத்திருந்தேன். அவளிடம் காட்டினேன். சிலவற்றை எடுத்துக்கொண்டாள், சிலவற்றை, “இது எங்க ஊர்ல வேற” என்று தள்ளினாள்.

அவள் கையில் கூச்சமே இல்லை. சைகை மொழியில் இதையெல்லாம் சொன்னால் ஆபாசமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் கண்ணின் கோளாறு என்று அன்று தெரிந்தது. மார்பை மார்பு என்று, கருப்பையைக் கருப்பை என்று, மூக்கைச் சொல்வதுபோலவே சொன்னாள். சுற்றுச்சொல் எதுவும் இல்லை. குழந்தை எப்படி உருவாகிறது, எப்படித் தடுப்பது, தள்ளிப்போனால் எந்த ஆஸ்பத்திரிக்கு யாரோடு போவது எல்லாம் வந்தது.

தொடுதல் பாடத்தை இரண்டே வரியில் முடித்தாள். தோளும் மேல்கையும் கூப்பிடுவதற்கு. யாராவது உன் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்தால் அவன் உன் வாயைப் பொத்துகிறான். கடி, உதை, ஓடு. கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவது என்பது வருடக்கணக்கில் அந்தக் கைகளை இறக்கிவிட்ட எனக்குத் தோன்றியதில்லை.

ஒருத்தி, தன்னை மாமன் மகனுக்குக் கட்டப் பேசுகிறார்கள், பிள்ளைக்கும் காது கேட்காமல் போகுமா என்று கேட்டாள். எங்கள் பக்கம் சொந்தத்துக்குள் முடிப்பது அதிகம். நான் எழுந்து விளக்கினேன்: செவிக்குறைக்கான ஒரே மரபணு கணவன் மனைவி இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவருக்கு அதே காரணத்தால் செவிக்குறை இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும், முன்கூட்டியே டாக்டரிடம் கேட்பது நல்லது. மச்சம் நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு அந்தப் பிள்ளையிடம் சொன்னாள்: “டீச்சர் சொல்றது சரி. கேட்டுக்கோ. ஆனா கேட்காமப் பிறந்தா அழாதே. எங்க அம்மாவுக்கு என்கிட்ட பேசத் தெரியாது. உனக்குத் தெரியுமே.”

கடைசியில், திருமணம் நிச்சயமான ஒரு பழைய மாணவி எழுந்தாள். முதல் ராத்திரி பயமாக இருக்கிறது என்றாள். வட்டம் முழுக்கச் சிரிப்பு. மச்சம் சிரிக்கவில்லை.

“விளக்கை அணைக்க விடாதே” என்றாள். “இருட்டுல உனக்கு வாய் இல்ல. அவனுக்கும் இல்ல. வேணும், வேண்டாம், வலிக்குது, நிறுத்து, எல்லாம் வெளிச்சத்துலதான் சொல்ல முடியும். பேசி முடிச்சப்புறம் வேணும்னா அணைச்சுக்கோ.”

கரண்ட் போனால்? யாரோ கேட்டார்கள். 2012இல் எங்கள் ஊர்ப்பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. மச்சத்துக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. தலையணைக்கடியில் தீப்பெட்டி வைத்திருப்பாளாம். ஒரு குச்சியைக் கிழித்துத் தூக்கிப் பிடித்து அவன் முகத்தைப் பார்ப்பாள். ஒரு கை குச்சியைப் பிடிக்க, மறு கையால் ஒரு கேள்வி. குச்சி விரலைச் சுடுவதற்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். அடுத்த குச்சி அவன் முறை. “ஒரு மாசத்துக்கு எத்தனை பெட்டி டீச்சர்!” என்று என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். “சிவகாசியில அதுக்கா பஞ்சம்?”

அன்று இரவு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். அவர் வழக்கம்போல எழுந்துபோய் ஸ்விட்சை அணைத்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். இரண்டு பிள்ளைகள். எனக்கும் காது கேட்கும், அவருக்கும் கேட்கும். இருட்டிலும் பேசியிருக்கலாம். ஒரு வார்த்தை பேசியதில்லை.